டிரெஸ்ஸிங் ஃபோர்செப்ஸ்: அட்சனா, காலேஜ் ட்வீசரா?

பல் பிடுங்கிய குழிக்குள் மருந்து தோய்த்த ரிப்பன் காஸ் (நாடா போன்ற மெல்லிய துணி) வைக்க வேண்டும். இதற்கான இடுக்கிதான் டிரெஸ்ஸிங் ஃபோர்செப்ஸ். அட்சன், காலேஜ் ட்வீசர் இரண்டில் கையில் எதை எடுப்பது? கடைவாய்ப் பக்கம் என்றால் யோசிக்கவே வேண்டாம், காலேஜ் ட்வீசர்தான்.

காரணம் அதன் வளைவு. முனை பிடியிலிருந்து சாய்ந்து இறங்குவதால் விரல்கள் ஓரமாக ஒதுங்கி நிற்கும், குழியின் விளிம்பு கண்ணுக்குத் தெரியும். அட்சன் பொதுவாக நேரானது, சுமார் 12 செ.மீ. நீளம், மேயோ கிளினிக்கின் நரம்பியல் அறுவை மருத்துவர் ஆல்ஃபிரெட் அட்சனின் பெயரைத் தாங்கியது. அகலமான பிடி, சட்டென்று ஒடுங்கும் மெல்லிய முனை. முன்பற்களில் சுகமாக வேலை செய்யும். பின்னால் போனால் நம் கையே பார்வையை மறைத்துவிடும்.

காலேஜ் ட்வீசரில் பூட்டு உள்ளது, இல்லாதது என இரண்டு வகை. பஞ்சு உருண்டையை உதவியாளர் எடுத்துக் கொடுக்கும்போது பூட்டு இருப்பது நல்லது. பிடி தளர்ந்து உருண்டை தொண்டைக்குள் விழும் ஆபத்து குறையும். காஸை மடிப்பு மடிப்பாக உள்ளே அடுக்கும்போதோ ஒவ்வொரு மடிப்புக்கும் பிடித்து விட வேண்டும், அங்கே பூட்டு வெறும் இடைஞ்சல். நான் பூட்டில்லாததையே எடுப்பேன்.

அப்புறம், பலரும் தடுமாறும் இடம்: ஈறு ஃபிளாப்பை, அதாவது அறுத்து விலக்கிய ஈறு மடலைப் பிடிப்பது. டிரெஸ்ஸிங் ஃபோர்செப்ஸின் முனையில் பற்கள் கிடையாது, குறுக்கு வரிகள் மட்டுமே. காஸுக்கு அது பொருத்தம். பல் வைத்த முனையில் நூலிழை மாட்டிக்கொள்ளும். ஆனால் ஈரமான ஈறு வரிமுனையில் வழுக்கும். வழுக்க வழுக்க இன்னும் அழுத்துவோம். நசுங்கிய விளிம்புக்கு ரத்த ஓட்டம் குறையும், புண் ஆறத் தாமதமாகும். ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் இரண்டு எனப் பற்கள் கோத்துக்கொள்ளும் அட்சன் டிஷ்யூ ஃபோர்செப்ஸ் பார்க்கத்தான் முரட்டுத்தனம். லேசான அழுத்தத்திலேயே அது ஃபிளாப்பை நிறுத்திவிடும். தையல் போடும் தட்டில் அது கட்டாயம் இருக்க வேண்டும்.

வாங்கும்போது முனைகளை மெல்ல மூடி வெளிச்சத்தில் பாருங்கள். நுனி முதலில் சேர வேண்டும், வரிகள் ஒன்றுக்குள் ஒன்று உட்கார வேண்டும். நுனி விலகியிருந்தால் எந்த வகையானாலும் வேண்டாம். பூட்டு வகை என்றால் ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் கருவியில்) வைக்குமுன் பூட்டைத் திறந்துவிடுங்கள். மூடிய முனைகளுக்கு நடுவே நீராவி சரியாகப் புகாது.