வீல் ஆஃப் டைம்: ஃபெய்லைக் கடத்தினால் நான் என்ன செய்ய?

அமேசானில் வந்துகொண்டிருந்த 'வீல் ஆஃப் டைம்' தொலைக்காட்சித் தொடர் 2025-இல் மூன்றாவது சீசனோடு நின்றுபோனதிலிருந்து நண்பன் ஒருவன் என்னை விடுவதாயில்லை. "மீதியைப் புத்தகத்திலேயே படிச்சிடலாமா? செட்டா வாங்கிடவா?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்கிறான். ராபர்ட் ஜோர்டன் தொடங்கிய மாயாஜாலக் கதை: பதினான்கு பாகங்கள், போதாததற்கு முன்கதை ஒன்று. முழு செட்டும் என் அலமாரியில் பல வருடமாக இருக்கிறது என்பதால் என்னைக் கேட்கிறான், சரி. ஆனால் எந்த மனநிலையில் கேட்கிறான் என்பதைப் பொறுத்து என் பதிலும் மாறிக்கொண்டே இருக்கிறது.

போன மாதம் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்லியிருப்பேன். ஆறாம் பாகம் முதுகு பிளந்து இரண்டு துண்டாகி, பைண்டிங் கடைக்குக் கொண்டுபோயிருந்த நேரம். ஆயிரம் பக்கப் பேப்பர்பேக்கை வெறும் பசையில் ஒட்டி விற்றால் இதுதான் கதி. பைண்டர் தடிமனைப் பார்த்துவிட்டு, "ஏதாவது பரீட்சைக்கா சார்?" என்றார். பிளந்திருந்த இடம் கதாநாயகன் ராண்டைப் பெட்டிக்குள் அடைத்துத் தூக்கிக்கொண்டு போகும் பகுதி. உலகத்தையே காப்பாற்றப் போகிறவன் என்று ஊரே சொல்லும் பையனை ஐஸ் செடாய் என்ற மந்திரக்காரப் பெண்கள் ஒரு மரப்பெட்டியில் மடக்கிப் போட்டு, வெளியே எடுத்து அடித்து, மறுபடி உள்ளே திணிக்கிறார்கள். அதன் முடிவில் வரும் டுமாய்ஸ் வெல்ஸ் சண்டையை எல்லோரும் புகழ்வார்கள். எனக்கு அதைவிடப் பெரியது, அந்தப் பெட்டி அடுத்தடுத்த பாகங்களிலும் அவனை விட்டுப் போகாதது. மூடிய இடம் என்றாலே அவன் வியர்க்கிறான். தன்னைத் தொடவரும் எந்த ஐஸ் செடாயையும் நம்ப மறுக்கிறான். மாயாஜாலக் கதையில் ஒருவன் பட்ட அடி இத்தனை காலம் வலிப்பதை நான் அதிகம் பார்த்ததில்லை.

பைண்டிங் முடிந்து வந்த புத்தகத்தைக் கையில் எடுத்தவன் சும்மா வைத்திருக்கக் கூடாதா? ஆறிலிருந்து தொடர்ந்து படிக்க ஆரம்பித்தேன். இப்போது பத்தாம் பாகத்தில் நிற்கிறேன். ஆகவே என் பதில் மாறிவிட்டது.

பத்தாம் பாகம் 2003-இல் வந்தது. அதற்கு முந்தையது 2000-இல். ஒன்பதாவதின் கடைசியில், ஆண்களின் மந்திர சக்தியில் ஆயிரக்கணக்கான வருடங்களாகக் கலந்திருந்த நஞ்சை ராண்ட் கழுவி எடுக்கிறான். கதையின் ஆகப்பெரிய திருப்பங்களில் ஒன்று. அடுத்து என்ன என்று வாசகர்கள் இரண்டு வருடத்துக்கு மேல் காத்திருக்கிறார்கள். பத்தாவது வருகிறது. அதில் நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு, வேறு வேறு ஊர்களில் இருக்கும் வேறு வேறு ஆட்கள், அதே நாளில் தூரத்தில் அந்தச் சக்தி எழுவதை உணர்ந்து "அது என்ன?" என்று யோசிக்கிறார்கள். பிறகு தேநீர் குடிக்கிறார்கள்.

இதற்கெல்லாம் சிகரம் ராண்டின் நண்பன் பெரின். அவன் மனைவி ஃபெய்லை ஷைடோ என்ற பகைக் குலத்தார் கடத்துவது எட்டாம் பாகத்தின் கடைசியில், 1998-இல். மீட்பது பதினோராம் பாகத்தில், 2005-இல். நடுவில் அவன் செய்வதெல்லாம் பனியில் நின்று கவலைப்படுவது. பத்தாவதில் ஸோ ஹாபர் என்ற ஊருக்குத் தானியம் வாங்கப் போகிறான். தானியத்தில் வண்டு. ஊரில் ஆவி நடமாட்டம். குளித்து நாளான அழுக்கு வியாபாரிகள். அந்த அத்தியாயம் நன்றாக எழுதப்பட்டிருப்பதுதான் என் எரிச்சலின் உச்சம். ராபர்ட் ஜோர்டனுக்கு எழுதத் தெரியாமல் இல்லை. வண்டைக்கூட அவ்வளவு அழகாக எழுதுகிறார். மனைவியை எப்போதய்யா கூட்டிவரப் போகிறாய்?

மொத்த செட்டும் கையில் இருப்பவர்களுக்கு இது உறைக்காது என்று சொல்வார்கள். எனக்கு இருந்தது, உறைத்தது.

நியாயமாகச் சொன்னால், இதே பாகத்தில்தான் பெரின் தன் கோடரியைத் தூக்கியெறிகிறான். கைதி ஒருவனிடமிருந்து விஷயத்தைக் கறக்க அவன் கையையே வெட்டிவிட்டு, காட்டுக்குள் நடந்து போய்க் கோடரியை எறிந்துவிட்டுத் திரும்புகிறான். 1990-இல் வந்த முதல் பாகத்தில் எலியாஸ் என்ற காட்டுவாசி அவனிடம் சொல்வார்: இதைப் பயன்படுத்த வெறுக்கிறாயே, அதுவரை வைத்திரு, பிடித்துப்போகிற நாளில் எறிந்துவிடு. பதிமூன்று வருடம் கழித்து அந்த விதை முளைக்கிறது. வண்டுக்கு நடுவில் இதையும் வைத்த மனிதரை முழுசாகத் திட்டவும் முடியவில்லை.

(இனி கொஞ்சம் கதை உடையும். தொடரை மட்டும் பார்த்தவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிப் போகலாம்.)

ஐந்தாம் பாகத்தில், 1993-இல், ராண்டுக்கு வழிகாட்டிய ஐஸ் செடாய் மொய்ரெய்ன், எதிரி லான்ஃபியரோடு சேர்ந்து ஒரு கல் வாசலுக்குள் விழுந்து மறைகிறாள். திரும்பி வருவது 2010-இல் வெளியான பதின்மூன்றாம் பாகத்தில். பதினேழு வருடம்! இதற்கு மட்டும் எனக்கு ஏன் கோபமே வரவில்லை? கதை அவளுக்காக உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பதில்லை, தன் வழியில் போகிறது. போகிற வழியில் ராண்டின் இன்னொரு நண்பன் மேட் ஒரு சின்னப் பையனோடு பாம்பும் நரியும் என்ற பலகை விளையாட்டை ஆடுகிறான். நடுவிலிருந்து விளிம்புக்குப் போய்த் திரும்ப வேண்டும், பாம்பிடமும் நரியிடமும் மாட்டக் கூடாது. விதிப்படி ஆடினால் யாராலும் ஜெயிக்க முடியாது, அதனால் பிள்ளைகள் வளர வளர அதை விட்டுவிடுவார்கள். படிக்கும்போது பொழுதுபோக்காக வந்துபோகும். மொய்ரெய்னை மீட்கப் போகும் இடத்தின் வரைபடமே அந்த விளையாட்டுதான் என்று பிற்பாடு புரியும்போது எழுந்து நின்றுவிட்டேன். அங்கே காத்திருப்பு கதைக்கு அடியில் ஓடுகிறது. ஃபெய்ல் விஷயத்தில் காத்திருப்பைத் தவிரப் பக்கத்தில் வேறெதுவும் இல்லை.

ராண்டின் ஊர்க்காரி நைனீவின் சடையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கோபம் வந்தால் சடையை இழுப்பாள். அவளுக்குக் கோபம் எப்போதும் வரும். சும்மா இருக்கும் மற்ற பெண்கள் பாவாடையை நீவிவிடுவார்கள், மூக்கை உறிஞ்சுவார்கள். ஜோர்டன் 2007-இல் இறந்தபின் அவருடைய குறிப்புகளை வைத்து மூன்று பாகங்கள் எழுதி முடித்தவர் பிராண்டன் சாண்டர்சன். அவர் ஒரு தேர்வுக் காட்சியில் அந்தச் சடையைத் தீயில் பொசுக்கியே விட்டார். நன்றி ஐயா. (அவர் எழுதிய பன்னிரண்டாவதில் மேட் பேசுவது வேறு யாரோ பேசுவது போலிருக்கும், அதற்கு நன்றி கிடையாது.) ஆனால் பதினொன்றில் இதே நைனீவ், தனியே சாகப் போகும் கணவன் லானை அவன் கேட்ட எல்லைநாட்டின் தவறான மூலையில் வேண்டுமென்றே இறக்கிவிடுகிறாள். அவன் அத்தனை தூரமும் குதிரையில் வந்துசேர்வதற்குள் ஊர் ஊராகப் போய், நாடிழந்த அவன் மக்களிடம் "உங்கள் அரசன் தனியாகப் போகிறான், விட்டுவிடுவீர்களா?" என்று கேட்கிறாள். அந்த அத்தியாயத்துக்காக எத்தனை சடையையும் பொறுத்துக்கொள்ளலாம்.

ஆக, நண்பா, வாங்காதே. நான் சொன்ன நல்லதெல்லாம் உண்மை, அதற்காக இருநூறு பக்கம் வண்டு பார்க்க வேண்டும் என்பதும் உண்மை. இன்றைக்கு நான் வண்டுப் பக்கத்தில் இருக்கிறேன். ஒன்றிலிருந்து ஆறு வரை வேண்டுமானால் இரவல் தருகிறேன், புது பைண்டிங்கை மட்டும் விரித்து மடக்காமல் படி. பத்தாவதை நீயே வைத்துக்கொள்ளலாம்.