மீன் வரலாமா, கூடாதா: மூன்று காப்பகங்களின் சாப்பாட்டு விதிகள்

மகளுக்கு மூன்று வயது முடிந்ததும், பகலில் அவளை விட்டுப்போக மண்டபம் முதல் ராமநாதபுரம் வரை மூன்று இடங்களில் விசாரித்தோம். கட்டணத்தைவிட என்னை அதிகம் யோசிக்க வைத்தது டிபன் பாக்ஸ்தான்.

அங்கன்வாடியில் அந்தக் கவலையே இல்லை. 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தில் நடப்பது. மதியச் சோறு அங்கேயே சூடாகக் கிடைக்கும். முட்டையும் உண்டு, கட்டணம் கிடையாது. ஆனால் நான் வேலை முடிந்து வர ஐந்தரை ஆகும். அதுவரை பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அங்கே ஆள் இல்லை.

இரண்டாவது, டவுனில் உள்ள தனியார் காப்பகம். அச்சடித்த தாளைக் கையில் கொடுத்தார்கள்: அசைவம் கூடாது, முட்டையும் கூடாது, ஒன்பது மணிக்குள் டப்பா வந்துவிட வேண்டும். காரணம் கேட்டேன். "வாடை" என்றார்கள். கடற்கரைப் பிள்ளைக்கு மீன் வாடையா! சிப்ஸ் பாக்கெட்டைப் பற்றி மட்டும் தாளில் ஒரு வரி இல்லை.

மீனுக்காக வாதாட நினைத்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சூடையும் கானாங்கெளுத்தியும் ஐஸ் இல்லாமல் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற, ஒவ்வாமை போன்ற தொல்லை தரும் பொருள் சேரும்; பொரித்தாலும் குழம்பு வைத்தாலும் அது போகாது. ஆனால் சோறும் சாது இல்லை. அரிசியிலுள்ள சில கிருமிகளின் விதைகள் வேகவைத்தாலும் சாவதில்லை. வெதுவெதுப்பான டப்பாவில் மணிக்கணக்கில் கிடந்தால் பெருகும். ஒன்பது மணிக்கு வாங்கி வைத்து ஒரு மணிக்குத் திறக்கும் எலுமிச்சைச் சோறு சைவம் என்பதாலேயே பத்திரம் ஆகிவிடாது.

மூன்றாவது, மண்டபம் பக்கம் ஒரு அக்கா வீட்டில் நடத்துவது. விதிகள் காலண்டர் தாளின் பின்பக்கம் கையால் எழுதியவை. மீன் வரலாம், ஆனால் காலையில் கட்டியதாக இருக்கக் கூடாது, பதினொன்றரைக்கு மேல் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். முடியாதவர்கள் இட்லி கட்டலாம். முழுக் கடலை வேண்டாம், திராட்சையை நீளவாக்கில் நறுக்க வேண்டும். இரண்டும் சின்னப் பிள்ளைகளின் தொண்டையில் அடைப்பவை.

முதல் நாள் காரல் குழம்பு அனுப்பினேன். அக்கா மீனை விரல்களுக்கிடையே நசுக்கிப் பார்த்து, மயிரிழை போன்ற முள் ஒன்றை உருவித் தட்டின் ஓரத்தில் வைத்தார். "சீலா கொடுத்து விடுங்கள் அம்மா, நடுமுள்ளை எடுத்தால் போதும். காரலை வீட்டில் நீங்களே ஊட்டுங்கள்" என்றார்.

அங்கேயும் குறை உண்டு. பிள்ளைகள் தட்டு மாற்றிச் சாப்பிடுவதைத் தடுப்பதில்லை. பால், முட்டை, மீன் என ஏதாவது ஒவ்வாத பிள்ளை ஒன்று இருந்தால் இது விபரீதம். டவுன் காப்பகத்தில் ஆளுக்கொரு மேசை, பகிர்வதற்குத் தடை. அந்த ஒரு விதியை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

மகளை அக்காவிடமே விட்டோம். மதிய இடைவேளையில் என் கணவர் டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுக்கிறார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, சீலா விலை கைக்கு எட்டாது. அப்போது எங்கள் டப்பாவிலும் தயிர்சோறுதான்.