வக்கீல் ஆபீசில் கிரிப்டோமேட்டர்: நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பிறகு

பெங்களூரு அல்சூரில் எங்களுடையது சின்ன ஆபீஸ். சீனியர், நான், ஒரு ஜூனியர், ஒரு குமாஸ்தா. சொத்து வழக்கு, குடும்ப வழக்கு, இடையிடையே செக் பவுன்ஸ். ஒரு ஐடி கம்பெனி தன் வாடகை ஒப்பந்தங்களைப் பார்த்துத் தரச் சொல்லி வந்தபோது, வேலைக்கு முன்னால் ஒரு எக்செல் கேள்வித்தாளை அனுப்பியது. கோப்புகளை என்கிரிப்ட் செய்து (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி) வைக்கிறீர்களா, யார் யாருக்குப் பாஸ்வேர்டு தெரியும், ஆள் வேலையை விட்டுப் போனால் என்ன செய்வீர்கள் என்று வரிசையாகக் கேள்விகள். "ஏம்மா, நாம வக்கீலா, பேங்க்கா?" என்றார் சீனியர். அப்போது தேடி எடுத்ததுதான் கிரிப்டோமேட்டர்.

கோப்புகளை என்கிரிப்ட் செய்யும், ஜெர்மனியில் உருவான ஓப்பன் சோர்ஸ் (மூல நிரலை யாரும் பார்க்கக்கூடிய) மென்பொருள் இது. கணினிக்கு இலவசம், கைப்பேசிச் செயலிக்குப் பணம் கட்ட வேண்டும். கிளவுட் ஃபோல்டருக்குள் ஒரு வால்ட், அதாவது பூட்டிய பெட்டகம், உருவாக்கிப் பாஸ்வேர்டு கொடுத்தால், அது தனி டிரைவ் போலத் திறக்கும். அதில் போடும் ஒவ்வொரு கோப்பும், அதன் பெயரும் சேர்ந்து, நம் கணினியிலேயே என்கிரிப்ட் ஆகித்தான் மேலே போகும். கிளவுட் நிறுவனத்துக்குத் தெரிவது கோப்புகளின் எண்ணிக்கை, ஏறக்குறைய அளவு, மாற்றிய நேரம் மட்டுமே. முதலில் இதே வேலைக்கான வெராகிரிப்ட் என்ற மென்பொருளை யோசித்தோம். அதில் எல்லாம் ஒரே பெரிய கோப்பு. ஒரு மனுவில் ஒரு வரி திருத்தினாலும் கிளவுட் ஒத்திசைவு இழுத்தடிக்கும். இதில் திருத்திய கோப்பு மட்டும் போகிறது.

குமாஸ்தாவுக்குப் பழக அதிக நாள் ஆகவில்லை. காலையில் பாஸ்வேர்டு, பிறகு வழக்கமான டிரைவ்தான். இழந்தது தேடும் வசதி. முன்பெல்லாம் கோர்ட் வராந்தாவில் நின்றுகொண்டு பிரவுசரில் கட்சிக்காரர் பெயரைத் தட்டினால் ஸ்கேன் செய்த பத்திரம்கூட வந்துவிடும். இப்போது அங்கே எழுத்துக் குவியல்தான் தெரியும். ஹியரிங் நடுவே நீதிபதி பழைய உத்தரவைக் கேட்டால், கைப்பேசிச் செயலியைத் திறந்து, வால்ட் திறந்து, ஃபோல்டர் தேடி எடுக்க வேண்டும். அதனால் அன்றைய வழக்குகளின் காகிதக் கட்டு இன்னும் கையில்தான்.

தனி வால்ட்கள் வைத்ததுதான் நாங்கள் எடுத்த நல்ல முடிவு. குடும்ப வழக்குகளுக்கு ஒன்று, கம்பெனி வேலைக்கு ஒன்று, மற்றவை வேறு. 2025 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் வக்கீல்களுக்கு சம்மன் அனுப்புவது பற்றித் தானாக எடுத்த வழக்கில் தீர்ப்பு சொன்ன பிறகு இது இன்னும் பொருத்தமாகப் பட்டது. வக்கீலின் கணினியையோ கைப்பேசியையோ ஒப்படைக்கச் சொன்னால் அது நீதிமன்றத்தின் முன்தான் போக வேண்டும். வக்கீலும் அவர் தேர்ந்தெடுக்கும் தொழில்நுட்ப ஆளும் இருக்கும்போதுதான் திறக்க வேண்டும். மற்றக் கட்சிக்காரர்களின் ரகசியம் கெடக் கூடாது. எல்லாம் ஒரே ஃபோல்டரில் கிடந்தால் அந்த மூன்றாவது நிபந்தனையை எப்படிக் காப்பாற்றுவது?

பலர் கவனிக்காத ஒன்று: பாஸ்வேர்டை மாற்றினால் கோப்புகள் மறுபடி என்கிரிப்ட் ஆவதில்லை. கோப்புகளைப் பூட்டும் மாஸ்டர் கீ (மூலச் சாவி) அதேதான். அதைப் பூட்டும் பாஸ்வேர்டு மட்டும் மாறுகிறது. அந்த மாஸ்டர் கீ இருக்கும் பழைய கோப்பின் நகலும் பழைய பாஸ்வேர்டும் ஒருவரிடம் இருந்தால், வால்ட் கிடைக்கும்போது திறந்துவிடலாம். ஆகவே ஜூனியர் யாராவது விலகினால் புது வால்ட் உருவாக்கி எல்லாவற்றையும் அதற்குள் மாற்றுகிறோம். ஒரு சனிக்கிழமை முழுக்க அதற்கே போய்விடும். பாஸ்வேர்டு தொலைந்தால் கை கொடுக்க 44 சொற்கள் கொண்ட மீட்புச் சாவி உண்டு. அதுவும் தொலைந்தால் யாரிடமும் போய் முறையிட முடியாது. எங்களுடையது அச்சிட்ட தாளாக சீனியரின் பேங்க் லாக்கரில் இருக்கிறது.

சட்டத்துக்கு வருவோம். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நமக்குப் பொருந்தாது என்று வக்கீல்கள் மத்தியில் அடிக்கடி காதில் விழுகிறது. பாதிதான் சரி. சட்ட உரிமையை நிலைநாட்டத் தேவையான தரவுக்கு 17-ஆம் பிரிவு நிறைய விலக்கு தருகிறது. ஆனால் 8(5)-இல் உள்ள பாதுகாப்புக் கடமையை அது விலக்கவில்லை. அந்தக் கடமையில் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம். ஒப்பந்தம் எழுதித் தரும் வேலைக்கெல்லாம் அந்த 17-ஆம் பிரிவு பொருந்துமா என்பது வாதத்துக்குரியது. நான் நம்பி இருக்க மாட்டேன்.

இத்தனை செய்தும் ஓட்டை எங்கே என்றால், ஜெராக்ஸ் கடையில். மேயோ ஹால் பக்கம் ஒரு கடையில் பிரிண்ட் எடுக்கப் போன குமாஸ்தா, டெஸ்க்டாப்பில் யார் யாருடைய ஆதாரோ விவாகரத்து மனுவோ கிடப்பதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். அன்றே ஆபீசுக்கு ஒரு பிரிண்டர் வாங்கினோம். இன்னொன்று வாட்ஸப். "சார், எல்லா பேப்பரையும் வாட்ஸப்ல போட்டுட்டேன்" என்று கட்சிக்காரர் சொன்னால் தடுக்கவா முடியும்? வந்ததை வால்ட்டுக்கு மாற்றிவிட்டுக் கைப்பேசியில் அழிக்கிறோம். ஆதாரமாகக் காட்ட வேண்டிய படம் என்றால் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்கிறோம், அசலையும் அழிக்க வேண்டாம் என்கிறோம். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, கோப்பின் கைரேகை போன்ற ஹாஷ் எண் மாறிவிடும். பாரதீய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழில் ஹாஷ் எழுத வேண்டுமே. வால்ட்டுக்குள் போய் வெளியே வந்த கோப்பின் ஹாஷ் மாறுவதில்லை, சரிபார்த்துவிட்டேன்.

லேப்டாப் திருடு போகும்போது வால்ட் திறந்திருந்தால் இதெல்லாம் உதவாது. டிஸ்க்கையே பூட்டும் விண்டோஸின் பிட்லாக்கரும், சும்மா இருந்தால் தானாகப் பூட்டிக்கொள்ளும் அமைப்பும் கூடவே வேண்டும். வேர்டு விட்டுப்போகும் தற்காலிகக் கோப்புகளில் சில வால்ட்டுக்கு வெளியே கிடக்கலாம்.

நான்கைந்து பேர் உள்ள ஆபீசுக்கு இதைத் தாராளமாகச் சொல்வேன். அதற்கு மேல் போனால் சிரமம்: ஒரே பாஸ்வேர்டை எல்லோரும் பகிர்வதால், எந்தக் கோப்பை யார் திறந்தார் என்ற பதிவு கிடையாது. ஆளுக்கொரு அனுமதி தரும் கிரிப்டோமேட்டர் ஹப் என்ற வடிவம் தனியாக உண்டு. எங்கள் அளவுக்கு அது அதிகம். கேள்வித்தாளில் அந்தப் பதிவு பற்றிய வரியில் "இல்லை" என்றே எழுதி அனுப்பினோம். கம்பெனிக்காரர்கள் தங்கள் போர்ட்டலில் ஒரு லாகின் கொடுத்துவிட்டார்கள், அவர்களுடைய ஒப்பந்தங்கள் இப்போது அங்கேயேதான்.