நியூஜெர்சியிலிருந்து வடக்கே: மெக்கில்லா, டொராண்டோவா, வாட்டர்லூவா?

அமெரிக்கக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பமான காமன் ஆப்பின் 650 சொல் கட்டுரைக்காக என் மகள் ஆகஸ்டில் உட்கார்ந்தாள், நவம்பரில்தான் எழுந்தாள். நடுவில் ஏழு வரைவுகள், இரண்டு அழுகை. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக விண்ணப்பத்தையோ ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, நான் பாத்திரம் தேய்த்து முடிப்பதற்குள் அனுப்பிவிட்டு வந்து நின்றாள். "அப்பா, கட்டுரையே கேக்கல. நான் யாருன்னு அவங்களுக்குத் தெரிய வேணாமா?"

வேண்டாம் போலிருக்கிறது. மார்க் தெரிந்தால் போதும். அமெரிக்கக் கல்லூரிகள் கட்டுரை, ஆசிரியர் கடிதம், பத்து வரிச் செயல்பாட்டுப் பட்டியல் எல்லாம் வாங்கி ஒரு ஆளை உருட்டிப் பார்க்கின்றன. மெக்கில்லின் பெரும்பாலான பிரிவுகளுக்கு அவள் பரதநாட்டிய அரங்கேற்றமும் வேண்டாம், ஞாயிறுதோறும் நூலகத்தில் செய்த சேவையும் வேண்டாம். அவர்கள் கேட்கும் பாடங்களை எடுத்தாளா, அதில் என்ன வாங்கினாள், அவ்வளவுதான். நாம் ஊரில் கட் ஆஃப் பார்த்து வளர்ந்தவர்கள், நமக்கு இது பழகிய வாசனை. ஆனால் ஒன்று: இங்கே அனுமதி கிடைத்ததும் பிள்ளைகள் சீனியர் ஆண்டின் (பன்னிரண்டாம் வகுப்பின்) இரண்டாம் பாதியைக் காற்றில் விடுவார்களே, அது அங்கே செல்லாது. கனடிய அனுமதியில் 'இறுதி மார்க் இதற்குக் கீழே போகக் கூடாது' என்ற நிபந்தனை வழக்கமாகவே இருக்கும்.

இன்னொன்று, எடுத்த எடுப்பிலேயே பிரிவைச் சொல்லியாக வேண்டும். 'முதலில் உள்ளே போவோம், என்ன படிப்பதென்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்கிற அமெரிக்க வழக்கம் பொறியியல், கணினி, வணிகத்தில் எடுபடாது. கால்குலஸ் எடுக்காமல் பொறியியல் வாசலுக்குப் போவது வீண். பதினொன்றாம் வகுப்பில் பாடம் தேர்ந்தெடுக்கும்போதே இதைப் பார்த்திருக்க வேண்டும். ஏபி (பள்ளியிலேயே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வு) மதிப்பெண்கள் நன்றாக இருந்தால் கைகொடுக்கும்.

டொராண்டோ, மெக்கில், யூபிசி (பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம்), வாட்டர்லூ: இந்த நான்கில் எது? டொராண்டோவில் குழப்பம் அதிகம். செயின்ட் ஜார்ஜ், மிசிசாகா, ஸ்கார்பரோ என்று மூன்று வளாகங்கள். செயின்ட் ஜார்ஜில் கலை, அறிவியல் என்றால் அதற்குள்ளே ஏழு கல்லூரிகள். எது முதலில், எது இரண்டாவது என்று வரிசைப்படுத்தச் சொல்வார்கள். 'காலேஜ்' என்றால் பல்கலைக்கழகம் என்றே நினைத்து வளர்ந்த அமெரிக்கப் பிள்ளைக்குத் தலை சுற்றும். பொறியியலுக்குக் கேமரா முன் உட்கார்ந்து, கடிகாரம் ஓட ஓடப் பதில் சொல்ல வேண்டும். முதலாண்டுப் பெரிய வகுப்புகள் சில கான்வொகேஷன் ஹாலில் நடக்கின்றன. 1,700 இருக்கைகளுக்கு மேல் உள்ள வட்ட அரங்கம். மார்க் அட்டவணையில் 80 வாங்கினாலே ஏ மைனஸ் என்றிருக்கும். அட, சுலபமாச்சே என்று நினைத்தால் ஏமாந்தோம். அந்த 80 லேசில் விழாது.

மெக்கில்லில் எனக்குப் பிடித்தது விண்ணப்பத்தின் சிக்கனமும், கலைப் படிப்புக்கு வெளிநாட்டுக் கட்டணம் டொராண்டோவைவிடக் கணிசமாகக் குறைவு என்பதும். பொறியியல், கணினி என்று போனால் இந்தச் சலுகை கரைந்துவிடும். வகுப்பு ஆங்கிலத்தில், ஆனால் மாண்ட்ரியால் பிரெஞ்சு நகரம். க்யூபெக் மாகாணம் தனியாக ஓர் ஏற்புச் சான்றிதழ் கேட்கும், அதற்கும் நாள் ஒதுக்க வேண்டும்.

வான்கூவரின் யூபிசிதான் அமெரிக்கப் பாணிக்கு மிக அருகில் இருக்கிறது. என்ன செய்தாய், அதில் என்ன கற்றாய் என்று சிறு கேள்விகள் கேட்பார்கள். மார்க் கொஞ்சம் பின்தங்கி, வெளி வேலைகளில் கெட்டியான பிள்ளை என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

கணக்கும் கணினியும் மூச்சாக இருந்தால் வாட்டர்லூ. அங்கே பொறியியல் முழுக்க கோ-ஆப்: நான்கு மாதம் படிப்பு, நான்கு மாதம் சம்பள வேலை என்று மாறி மாறி ஓடும். பட்டம் வாங்க ஏறக்குறைய ஐந்து ஆண்டு ஆகிவிடும். வேலையை யாரும் தட்டில் வைத்து நீட்ட மாட்டார்கள்; பிள்ளை தானே நேர்காணலுக்கு அலைய வேண்டும். கணிதப் பிரிவுக்கு யூக்ளிட் போட்டித் தேர்வு எழுதினால் நல்லது. நம் பள்ளிகளில் பலருக்கு அந்தப் பெயரே தெரியாது, நாமே கேட்டு ஏற்பாடு செய்ய வேண்டும்.

இனி பணம். இங்கேதான் கடவுச்சீட்டு பேசுகிறது. என் மனைவியின் அக்கா மகன் ஸ்கார்பரோவில் பிறந்து நியூஜெர்சி எடிசனில் வளர்ந்தவன். கனடியக் குடிமகன் என்பதால் டொராண்டோவில் கலை, அறிவியல் முதலாண்டுக்கு அவனுக்கு ஏழாயிரம் கனடிய டாலர் அளவில்தான் கட்டணம். அமெரிக்காவில் பிறந்த என் மகளுக்கு அதே இருக்கை 60 ஆயிரத்துக்கு மேல், அதாவது சுமார் 44 ஆயிரம் அமெரிக்க டாலர். மிச்சிகன் பல்கலைக்கழகம் வெளிமாநிலத்தவருக்கு 60 ஆயிரம் அமெரிக்க டாலரைத் தாண்டுகிறது, அதோடு ஒப்பிட்டால் லாபம். எங்கள் மாநில அரசுப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸ் உள்ளூர்க்காரர்களுக்கு 20 ஆயிரத்துக்குள் முடிகிறதே, அதோடு ஒப்பிட்டால் நஷ்டம். கனடா மலிவு என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவர்கள் எதோடு ஒப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள். பிள்ளைகளின் படிப்புக்கென்று அமெரிக்காவில் வரிச் சலுகையோடு சேர்க்கும் 529 சேமிப்பை இந்த நான்கிலும் செலவழிக்கலாம், அமெரிக்க மத்திய அரசின் மாணவர் கடனும் உண்டு. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அமெரிக்க அரசு தரும் பெல் மானியம் எல்லை தாண்டாது. டொராண்டோவின் லெஸ்டர் பியர்சன் உதவித்தொகை முழுச் செலவையும் ஏற்கும், ஆனால் பள்ளி பரிந்துரைக்க வேண்டும், அதுவும் இலையுதிர் காலத்திலேயே.

பெற்றோரின் எச்-1பி வேலை விசாவை ஒட்டி எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கணக்கே வேறு. 21 வயதானால் பெற்றோரின் விசா நிழல் போய்விடும், மத்திய அரசுக் கடனும் கிடையாது. கனடாவில் படித்து முடித்தால் மூன்று ஆண்டு வரை வேலை அனுமதி. இங்கே படிப்பு முடிந்தபின் கிடைக்கும் ஓபிடி என்ற வேலை அனுமதி ஓராண்டு, அறிவியல், தொழில்நுட்பப் படிப்புக்கு மட்டும் இன்னும் இரண்டு. எண்ணிக்கை ஒன்றுபோலத் தெரிந்தாலும், அதற்கப்புறம் எச்-1பி விசா லாட்டரிக்கு நிற்க வேண்டுமா என்பதில்தான் விஷயம். அமெரிக்கக் குடிமக்களும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் காகிதங்களோடு போய் எல்லையிலேயே ஸ்டடி பர்மிட் வாங்கலாம். கிரீன் கார்டு இல்லாமல் இந்தியக் கடவுச்சீட்டு மட்டும் என்றால் முன்கூட்டியே விண்ணப்பித்து விசாவும் பெற வேண்டும்.

நாங்கள் பட்டது காகிதத்தில்தான். காமன் ஆப்புக்கு ஒரு சொடுக்கில் டிரான்ஸ்கிரிப்ட் (மார்க் பட்டியல்) அனுப்பும் எங்கள் பள்ளிக் கவுன்சிலர், "இந்தப் பல்கலைக்கழகம் என் பட்டியலிலேயே இல்லையே" என்று இரண்டு வாரம் உட்கார்ந்துவிட்டார். கடைசியில் முத்திரை வைத்த பிரதியை ஸ்கேன் செய்து மகளே ஏற்றினாள்.

நாட்காட்டியும் ஒத்துப்போகவில்லை. அமெரிக்கக் கல்லூரிகளுக்கு மே 1க்குள் பதில் சொல்ல வேண்டும். டொராண்டோவும் வாட்டர்லூவும் இருக்கும் ஒண்டாரியோ மாகாணத்தின் அனுமதிகள் மே கடைசி வரை சொட்டுச் சொட்டாக வரும். ஏப்ரல் 30 இரவு உள்ளூர் அரசுப் பல்கலைக்கழகத்துக்கு முன்பணம் கட்டினேன். வாட்டர்லூ கடிதம் மே இரண்டாம் வாரம் வந்தது. முன்பணம் போனது போனதுதான்.