சேலத்தில் வீட்டுக்கு கேஸ் லைன் போடும் சேவை: யாரை நம்பி எந்த வேலையைக் கொடுக்கலாம்?

மாடுலர் கிச்சன் போடும் வீடுகளில் சிலிண்டர் இப்போது வெளியே போய்விடுகிறது. அடுப்பு உள்ளே, சிலிண்டர் பின்பக்கத்து சர்வீஸ் ஏரியாவில், நடுவே பத்துப் பதினைந்து அடிக்கு காப்பர் குழாய். ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூப் 1.2, 1.5 மீட்டர் நீளத்தில்தான் வருகிறது. அதைச் சுவரில் ஓட்டை போட்டு இழுக்கவும் கூடாது. அதனால் குழாய் போடாமல் தீராது. இந்த வேலைக்கு வருகிறவர்கள் நான்கு வகை: கேஸ் ஏஜென்சி மெக்கானிக், அடுப்பு ரிப்பேர் கடைக்காரர், ஏசி மெக்கானிக், கிச்சன் போடுபவர் கூட்டிவரும் பிளம்பர். ஒரே கடையிலிருந்து வரும் இரண்டு பேர் வேலையே ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதால் இங்கே கடைப் பெயர் எதுவும் கிடையாது. எந்த வேலைக்கு யார் என்பதுதான் பேச்சு.

முதலில் லைசென்ஸ். தமிழ்நாட்டில் வயர்மேனுக்குத் தகுதிச் சான்று கொடுக்க மின் உரிமம் வழங்கும் வாரியம் இருக்கிறது. சிலிண்டர் கேஸுக்கு வீட்டில் குழாய் போடுபவரிடம் கேட்டு வாங்கிப் பார்க்க அப்படி ஒரு அரசு அட்டை இல்லை. பிரிட்டனில் 2009 ஏப்ரல் முதல் கேஸ் சேஃப் ரெஜிஸ்டர் என்று ஒரு பதிவேடு இருக்கிறது. அதில் பேர் இல்லாதவர் காசு வாங்கிக்கொண்டு வீட்டு கேஸ் வேலையில் கை வைத்தால் குற்றம். அட்டையின் முன்பக்கம் போட்டோ, பின்பக்கம் அவர் எந்தெந்த வேலை செய்யலாம் என்ற பட்டியல். கொதிகலன் பார்ப்பவர் அடுப்பைத் தொடலாமா என்பதை அந்தப் பின்பக்கத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். நம்மிடம் இருப்பது பயிற்சிச் சான்றிதழ் மட்டும்: ஐடிஐ பிளம்பர் டிரேடு ஒரு வருஷம், ஃபிட்டர் இரண்டு வருஷம். ஹைட்ரோகார்பன் செக்டர் ஸ்கில் கவுன்சில் ‘எல்பிஜி மெக்கானிக்’, ‘பைப் ஃபிட்டர் - சிட்டி கேஸ் டிஸ்ட்ரிபியூஷன்’ என்று தனித்தனியாகச் சான்று தருகிறது. லைனுக்கு இரண்டாவதுதான் பொருத்தம். கேட்டுப் பாருங்கள். இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் கீழே சொல்லும் சோதனைதான் அவருக்குப் பரீட்சை.

ஏஜென்சி மெக்கானிக்குக்கு அவருடைய எல்லைக்குள் நல்ல மார்க் போடலாம். ரெகுலேட்டர், டியூப், சிலிண்டர் வால்வுக்குள் இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம், அடுப்பின் டேப் (குமிழுக்குப் பின்னால் இருக்கும் வால்வு) இவற்றில் கை தேர்ந்தவர். அடையாள அட்டை உண்டு, தவறு நடந்தால் கேட்க ஏஜென்சி உண்டு. டியூப்பைக் கையில் எடுத்ததும் அதில் அச்சிட்ட மாதம், வருஷத்தைத் தேடுகிறாரா என்று கவனியுங்கள். அதன் ஆயுள் 5 வருஷம். வெளியே பளபளப்பாக இருந்தாலும், ரெகுலேட்டர் முனையில் வளைத்துப் பார்த்தால் நகக்கீறல் போல வெடிப்பு தெரியும். சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் ‘பி-27’ என்பது போல எழுதியிருப்பதையும் அவர் படிக்க வேண்டும். ஏ முதல் டி வரை வருஷத்தின் நான்கு காலாண்டுகள், எண் வருஷம், மறு சோதனைக்குப் போக வேண்டிய கெடு அது. காப்பர் லைன் மட்டும் அவருடைய வேலை இல்லை. “அது நீங்க போட்டுக்கிட்டது சார்” என்று ஒதுங்குவார், அதில் நியாயமும் இருக்கிறது.

ஏசி மெக்கானிக்குக்குப் பற்றவைப்பு பிரமாதமாக வரும். வெள்ளி கலந்த கம்பியை வைத்து அவர் பற்றவைக்கும் ஜாயின்ட் 450 டிகிரிக்கு மேலேதான் உருகும். ஈயப்பற்று 250 டிகிரிக்குள்ளேயே இளகிவிடும், சமையலறையில் தீப்பிடித்தால் முதலில் திறந்துகொள்வது அந்த ஜாயின்ட்தான். சிக்கல் அவர் கொண்டுவரும் குழாயில் இருக்கிறது. ஏசி குழாய் அரை இஞ்ச், அதாவது 12.7 மி.மீ. கேஸ் வால்வு, ஃபெரூல் (குழாய்மேல் மாட்டி நட்டால் இறுக்கும் உலோக வளையம்) பொருத்திகள் பெரும்பாலும் 12 அல்லது 15 மி.மீ. செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிவந்த 12 மி.மீ. ஃபெரூல் உள்ளே போகவில்லை என்றதும் குழாய் முனையை அரம் போட்டுத் தேய்ப்பவர்கள் உண்டு. நீளவாக்கில் விழும் அந்தக் கோடுகள் ஒவ்வொன்றும் கேஸுக்கு வாய்க்கால். ஃபெரூல் எவ்வளவு இறுக்கினாலும் அந்தக் கோட்டை அடைக்காது. குழாயையும் பொருத்தியையும் ஒரே அளவில் வாங்கிக் கொடுத்துவிட்டால் இவரே சரியான ஆள்.

கிச்சன் பிளம்பரிடம்தான் அதிக எச்சரிக்கை வேண்டும். தண்ணீர்க் குழாய் பழக்கம் அப்படியே வந்துவிடும். ஃபெரூல் ஜாயின்ட்டில் டெஃப்லான் டேப் சுற்றுவார். அந்த இடத்தில் அடைப்பது உலோகத்தோடு உலோகம் அழுந்துவது, டேப் அதைக் கெடுக்கத்தான் செய்யும். டேப் தேவைப்படும் கூம்பு மரையில் தண்ணீருக்கான மெல்லிய வெள்ளை டேப்பை இரண்டு சுற்றோடு விட்டுவிடுவார். அங்கே கேஸுக்கான தடித்த மஞ்சள் டேப் வேண்டும். டைல்ஸுக்குள் ஜாயின்ட்டைப் புதைப்பது இன்னொரு வழக்கம். பார்வைக்கு அழகு, பிறகு ஒருநாளும் சோப்பு நுரை வைத்துப் பார்க்க முடியாது. சுவரைத் தாண்டும் இடத்தில் பிவிசி உறை வேண்டும், மூன்றடிக்கு ஒரு ரப்பர் வைத்த கிளாம்ப், சிலிண்டர் பக்கமும் அடுப்புப் பக்கமும் ஒவ்வொரு கேஸ் வால்வு, மின் வயரிலிருந்து ஒரு சாணாவது தள்ளி. சிபிவிசி என்ற பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயில் கேஸ் விடலாம் என்று ஒருவர் சொன்னால் அவருக்கு டீ கொடுத்து அனுப்பிவிடலாம்.

இனி சோதனை. நான்கு வகை ஆட்களையும் தரம் பிரிப்பது இதுதான். பலர் மூக்கை வைத்து முகர்ந்து “ஓகே” என்பார்கள். இன்னும் தீக்குச்சி கொளுத்திக் காட்டுபவரும் இருக்கிறார், அவரை வாசலோடு நிறுத்துங்கள். சோப்பு நுரை பெரிய கசிவைக் காட்டும், மெதுவாக ஊறுவதைக் காட்டாது. அதற்கு வேண்டியது கொத்தனார் மட்டம் பார்க்கும் லெவல் டியூப்பும் தண்ணீரும்தான். வீட்டு ரெகுலேட்டர் தரும் அழுத்தம் சதுர செ.மீட்டருக்கு 30 கிராம், அதாவது 30 செ.மீ. உயரத் தண்ணீர். டியூப்பை ‘யு’ வடிவில் பலகையில் கட்டி, பாதி வரை தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை அடுப்பைக் கழற்றிய இடத்தில் மாட்ட வேண்டும். ஒவ்வொரு பக்கமும் ஒரு மீட்டர் உயரம் இருந்தால் தண்ணீர் வெளியே தெறிக்காது. ரெகுலேட்டரைத் திறந்ததும் இரண்டு பக்க மட்டத்துக்கும் 30-லிருந்து 40 செ.மீ. வித்தியாசம் வரும். உடனே ரெகுலேட்டரை மூட வேண்டும். இதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். திறந்தே வைத்துவிட்டால் கசிகிற கேஸுக்கு ஈடாக ரெகுலேட்டர் ஊட்டிக்கொண்டே இருக்கும், மட்டம் அசையாது. மூடிவிட்டு 10 நிமிஷம். பேனாவால் போட்ட கோட்டிலிருந்து மட்டம் இறங்கவே கூடாது. பிறகு அடுப்பை மாட்டி, அதன் குமிழ்களை மூடி, அதன் டியூப் இணைப்புக்கும் சிலிண்டர் வால்வுக்கும் நுரை வைத்துப் பார்க்க வேண்டும்.

வெயில் இந்தச் சோதனையை ஏமாற்றும். லைன் முழுக்க ஒரு டிகிரி சூடேறினாலே மட்டம் மூன்றரை செ.மீ. அளவு ஏறும். மொட்டை மாடிச் சுவரில் போகும் குழாயை மதியம் சோதித்தால் சூடும் கசிவும் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொண்டு மட்டம் நிலையாக நிற்கலாம். சாயங்காலம் நிழல் விழுந்த பிறகு பாருங்கள். ஏசி மெக்கானிக் நைட்ரஜன் ஏற்றிச் சோதிப்பதும் நல்ல வழிதான், ஆனால் அந்த அழுத்தத்தில் அடுப்பும் ரெகுலேட்டரும் மாட்டியிருக்கக் கூடாது. ரெகுலேட்டரின் சவ்வு கிழியும், அடுப்பு டேப்பின் கிரீஸ் பிதுங்கும்.

அடுப்பு ரிப்பேர் கடைக்காரர் பர்னருக்கு மட்டும். நாசிலை (கேஸ் பர்னருக்குள் பீறிடும் சிறு துளை உள்ள பித்தளைத் துண்டு) தடித்த கம்பியால் குத்தி ஓட்டையைப் பெரிதாக்கினால் மஞ்சள் தீயும் கரியும் பிடித்த பாத்திரமும்தான் மிச்சம். குத்தச் சொல்லாதீர்கள், புது நாசில் கேளுங்கள்.

ஏற்காட்டுக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. 1,500 மீட்டர் உயரத்தில் காற்று கடல் மட்டத்தைவிட ஏழில் ஒரு பங்கு மெலிந்தது. கீழே நீலமாக எரிந்த அடுப்பு 20 கொண்டை ஊசி வளைவு ஏறியதும் நுனியில் மஞ்சளாகலாம். காற்றுத் துவாரத் தகட்டைச் சற்றுத் திறந்து சரிசெய்யத் தெரிந்தவர் வேண்டும். குளிருக்குக் கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டு கேஸ் கீசரில் குளிப்பதுதான் பெரிய ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது. கேஸில் கலந்திருக்கும் மெர்காப்டான் நாற்றம் கசிவைக் காட்டுமே தவிர இதைக் காட்டாது. கீசரைக் குளியலறைக்கு வெளியே, புகை திறந்தவெளிக்குப் போகும்படி மாட்ட மறுக்கும் ஆளிடம் வேலை கொடுக்க வேண்டாம்.

குழாய்வழி இயற்கை எரிவாயு வேறு கணக்கு. சேலம் மாவட்டத்துக்கான உரிமம் 2018-இன் ஒன்பதாவது ஏலச் சுற்றில் இந்தியன் ஆயிலுக்குப் போனது. அந்த வேலைக்கு பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகள் உண்டு. சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், தரையில் தங்கும். இது லேசு, மேலே ஏறும். நாசிலும் வேறு. சிலிண்டருக்குப் போட்ட தனியார் லைனில் இதை இணைத்துத் தருகிறேன் என்று வெளி ஆள் யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அடிக்கு இவ்வளவு என்று ரேட் பேசும்போதே பில்லில் என்ன எழுத வேண்டும் என்பதையும் பேசிவிடுங்கள்: குழாயின் வெளிவிட்டம், ஜாயின்ட்டுகள் எத்தனை, எங்கெங்கே, சோதித்த தேதி, நேரம், ஆரம்ப மட்டம், 10 நிமிஷம் கழித்து மட்டம், கையெழுத்து. கூடவே லைன் போகும் வழியை போட்டோ எடுத்து வையுங்கள், அலமாரி அடிக்க வருபவர் டிரில் போடும் முன் காட்ட உதவும். கசிவு என்று சந்தேகம் வந்தால் அழைக்க வேண்டிய எண் 1906. அதை வெளி வால்வுக்குப் பக்கத்துச் சுவரிலேயே பெயின்ட்டால் எழுதிவிடலாம்.