மார்த்தாண்டத்து வீட்டு அடுக்களையின் ஆப்பிள் பூரணம்

கிறிஸ்துமஸ் நெருங்கினால் எங்கள் வீட்டில் முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் முடிந்த பிறகுதான் பூரணத்தை மாவுக்குள் வைத்துச் சுடும் ஆப்பிள் பைக்கு (pie) மாவு பிசைவோம். அதற்கான பூரணத்தைப் பல ஆண்டுகளாக டப்பாவில்தான் வாங்கி வந்தேன். அதில் இனிப்புக் கூழே மிகுதி. ஆப்பிளைத் தேடித்தான் எடுக்க வேண்டும். இந்த ஆண்டு மார்த்தாண்டம் சந்தைக்கு அருகில் ஓர் அம்மா தம் அடுக்களையிலேயே செய்து, அரைக் கிலோ கண்ணாடிப் புட்டிகளில் அடைத்து விற்கும் பூரணத்தை மூன்று முறை வாங்கிப் பயன்படுத்தினேன்.

முதல் புட்டியைத் திறந்ததும் எழுந்த மணம் கிராம்பினுடையது. பட்டை பின்னால்தான் வந்தது. மாறாமலைப் பக்கத்துத் தோட்டங்களில் விளையும் கிராம்பை வாங்கி, அன்றன்றே வறுக்காமல் பொடிக்கிறார்களாம். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் கிராம்புக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது; அதில் எண்ணெய்ச் சத்து மிகுதி என்பதால் சிறிதளவு போதும், கூடினால் நாக்கு மரத்துவிடும். அந்த அளவை இவர்கள் நன்றாக அறிந்திருக்கிறார்கள்.

செய்முறையைக் கேட்டபோது அந்த அம்மா மறைக்காமல் சொன்னார். சுண்டுவிரல் அகலத்துக்கு நறுக்கிய ஆப்பிளில் சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் பிசறி அரைமணி நேரம் வைத்து, ஊறிவரும் நீரை மட்டும் தனியே வடித்துப் பாதியாகச் சுண்டக் காய்ச்சி, அதன் பிறகே துண்டுகளையும் வெண்ணெயையும் சேர்த்து, கடைசியில் குளிர்ந்த நீரில் கரைத்த சோள மாவை ஊற்றிக் கொதி வந்ததும் இறக்குகிறார். “நீரை முதலிலேயே சுண்ட வைக்கலைன்னா அடிமாவு நனைஞ்சு போகும், மக்களே” என்றார். அவர் சொன்னது உண்மை என்பதை நான் சுட்ட பையின் அடிப்பாகமே காட்டியது: கத்தி இறங்கும்போது மொறுமொறுவென்று ஒலித்தது, துண்டைத் தூக்கியபோது நுனி தொங்கவில்லை. பஃப்ஸுக்குள் வைத்துச் சுட்டபோதும் ஓரத்தில் கசிவு இல்லை.

இரண்டாம் முறை வாங்கியது அப்படி இல்லை. துண்டுகள் குழைந்து, புளிப்பே இல்லாமல் இருந்தன. விசாரித்ததில், பச்சை ஆப்பிள் கிடைக்காததால் சிவப்பு டெலிஷியஸைப் போட்டிருந்தார்கள். காஷ்மீரிலிருந்தும் இமாச்சலத்திலிருந்தும் வரும் அந்த ஆப்பிள் சமைக்காமல் அப்படியே தின்ன அருமையானது. ஆனால் புளிப்புக் குறைவு, சூட்டில் எளிதில் மசிந்துவிடும். பழத்தை மாற்றுவதில் தவறில்லை; அதைப் புட்டியின் மேல் எழுதியிருந்தால் நான் சர்க்கரையைக் குறைத்து எலுமிச்சையைக் கூட்டியிருப்பேன். செய்த தேதியும் எழுதப்படவில்லை. பதப்படுத்தும் பொருள் எதுவும் சேர்க்காத பண்டத்துக்கு இது பெரிய குறை; குளிர்பெட்டியிலும் ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுவதே நல்லது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உறைநிலைப் பெட்டியில் வைக்கலாம் என்றார்கள்; வைத்தேன். உறைந்து இளகியதும் சோள மாவு பிடித்து வைத்திருந்த நீர் பிரிந்து புட்டியின் அடியில் நின்றது. வாணலியில் ஊற்றி மிதமான தீயில் கிளறியதும் ஓரளவு சரியானது, ஆனால் முதல் நாளின் பளபளப்பு திரும்பவில்லை. எந்தப் பூரணமானாலும் முழுவதும் ஆறிய பிறகே மாவுக்குள் வைக்க வேண்டும். சூடாக வைத்தால் மாவிலுள்ள வெண்ணெய் உருகி அடுக்குகள் எழும்பாது.

விலை டப்பா பூரணத்தைவிடக் கூடுதல்தான். ஆயினும் அரைக் கிலோவில் ஏறத்தாழ முழுவதும் பழமே இருப்பதால் எனக்கு அது உறுத்தவில்லை. மூன்றாம் முறை பச்சை ஆப்பிள்தான் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தேன். முதல் புட்டியின் அதே புளிப்போடும் கடிபடும் துண்டுகளோடும் வந்து சேர்ந்தது. வாங்க விரும்புவோர் நான்கு நாளுக்கு முன்பே பழத்தின் வகையைக் குறிப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். காலிப் புட்டியைக் கழுவிக் கொண்டுபோனால் அதற்கான தொகையைக் கழித்துக்கொள்கிறார்கள்.