பெர்மிட் டெஸ்ட் பயிற்சி ஆப்: ஒன்பது மாதம் கழித்து

"அக்கா, நீங்க பாப்பாவுக்கு வாங்கின அந்த ஆப் இப்போ பாதி விலைக்குக் கிடைக்குது. வாங்கிடட்டுமா?" என்று தோழி போன வாரம் கேட்டாள். அவள் மகனுக்கு அடுத்த மாதம் பதினைந்தரை வயது ஆகிறது. கலிஃபோர்னியாவில் கார் ஓட்டிப் பழகுவதற்கான பெர்மிட் எடுக்க அதுதான் தொடக்க வயது. ஃபோனில் சொல்லி முடிக்கிற விஷயமாக இல்லை, அதனால் எழுதுகிறேன். ஆப்பின் பெயரை விட்டுவிடுகிறேன்.

பெர்மிட் தேர்வில் 46 கேள்வி, 38 சரியாக வர வேண்டும் என்பது இந்த வயதில் பிள்ளை வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். என் மகள் இரண்டு மாதம் தினமும் அரை மணி நேரம் ஆப்பில் உட்கார்ந்தாள். மாதிரித் தேர்வில் 45க்குக் குறைந்து வாங்கியதில்லை. நேரில் போய் எழுதியபோது ஒன்பது தவறு. எட்டு வரை விடுவார்கள். பதினெட்டு வயது ஆகாதவர்கள் ஏழு நாள் கழித்துத்தான் மறுபடி எழுத முடியும். வீடு வரும்வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று ராத்திரி அவள் தூங்கிய பிறகு ஆப்பை நானே திறந்து பார்த்தேன். தப்பான விடையைத் தொட்டால் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி, சரியான விடை பச்சையாகிறது, உடனே அடுத்த கேள்வி. ஏன் அது சரி என்று ஒரு வரிகூட இல்லை. இன்றுவரை எனக்கு ஆறாத கோபம் இந்த ஒன்றில்தான்.

ஹை பீம், அதாவது முகப்பு விளக்கின் தூர வெளிச்சம் பற்றிய கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரே வண்டி வந்தால் 500 அடிக்குள் வெளிச்சத்தைத் தணிக்க வேண்டும், முன்னால் போகிற வண்டியைத் தொடர்ந்தால் 300 அடிக்குள். மகள் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டாள். ஆப் ஒவ்வொரு முறையும் சிவப்பு காட்டியது, அவளும் ஒவ்வொரு முறையும் மனப்பாடம் செய்தாள், தேர்வில் மறுபடி மாற்றிப் போட்டாள். எதிரே வருகிற வண்டியும் நம் வண்டியும் ஒன்றை நோக்கி ஒன்று ஓடுகின்றன, இடைவெளி சட்டென்று கரைந்துவிடும், அதனால் அங்கே எண் பெரியது என்று சொன்னேன். "இதை ஏம்மா முன்னாடியே யாரும் சொல்லல?" என்றாள். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியில் அவள் தடுமாறவே இல்லை.

மேட்டில் நிறுத்துவதும் அப்படித்தான். ஏற்றத்தில் கர்ப் (சாலையோரத்தில் உயர்ந்திருக்கும் விளிம்பு) இருந்தால் சக்கரத்தை கர்பை விட்டு வெளிப்பக்கம் திருப்ப வேண்டும், இறக்கத்தில் கர்ப் பக்கம். கர்பே இல்லாவிட்டால் ஏற்றமானாலும் இறக்கமானாலும் சாலை ஓரம் பார்த்து. ஆப்பில் இது மூன்று அட்டை, மூன்று விடை. நான் வண்டியை ஒரு சரிவான தெருவுக்கு ஓட்டிப்போய் நிறுத்தி, அவளைக் கீழே இறங்கிச் சக்கரத்தைப் பார்க்கச் சொன்னேன். பிரேக் விட்டுப்போனால் வண்டி எந்தப் பக்கம் உருளும், டயர் எங்கே போய் முட்டி நிற்கும் என்று அவளே கையை நீட்டிக் காட்டினாள். மொத்தம் பத்து நிமிடம்தான் ஆனது.

அந்த ஏழு நாளில் ஆப்பை ஓரம் வைத்துவிட்டு பெர்மிட், லைசென்ஸ் கொடுக்கும் அரசு அலுவலகமான டிஎம்வியின் இலவசக் கையேட்டைப் படித்தோம். சாயங்காலங்களில் தெருவில் நடந்தோம். நடக்கும்போது எடுத்து வைக்கும் என் ஒரு எட்டை வீட்டு டேப்பால் அளந்தால் இரண்டரை அடி. அப்படியானால் 200 அடி என்பது 80 எட்டு. குடியிருப்புத் தெருவில் யூ-டர்ன் போட, வருகிற வண்டி 200 அடிக்கு அப்பால் இருக்க வேண்டும். வலது பக்கம் திரும்புமுன் சைக்கிள் லேனுக்குள் நுழைவதும் கடைசி 200 அடியில்தான். 80 எட்டு நடந்து போய் அவள் திரும்பிப் பார்த்தாள். "இவ்வளவு தூரமா!" வண்டியை நிறுத்தும்போது தீயணைப்புக் குழாயிலிருந்து விட வேண்டிய 15 அடி ஏறக்குறைய ஒரு கார் நீளம். என் வாழ்வில் அவளோடு கழித்த நல்ல சாயங்காலங்கள் அவை. இரண்டாம் முறை மூன்றே தவறு.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். சாலைக் குறிகள் பகுதியில் அந்த ஆப்பை மிஞ்ச முடியாது. படங்கள் தெளிவு, வேகம் சரி, தப்பு விட்டவற்றை மட்டும் தனியாகச் சேர்த்துத் திரும்பக் கேட்கும். குறிகளில் மகள் இரண்டு முறையும் ஒரு தப்பும் விடவில்லை. இணையம் இல்லாத இடத்திலும் ஓடும், விளம்பரத் தொல்லை கிடையாது. ஒன்பது மாதத்தில் ஒருமுறைகூட நின்றதில்லை. குறுக்குநடைக் கோட்டுக்கு வண்டி வருகிற பக்கம் 20 அடிக்குள் நிறுத்தக்கூடாது என்று 2025 முதல் அபராதத்தோடு நடைமுறைக்கு வந்த விதியை மட்டும் அதில் நான் காணவே இல்லை.

தேர்வுக்குப் பிறகு நடந்ததைச் சொன்னால்தான் நான் ஏன் இன்னும் கொதிக்கிறேன் என்று புரியும். லைசென்ஸுக்கு முன் பெர்மிட்டோடு ஆறு மாதம், 50 மணி நேரப் பயிற்சி, அதில் 10 மணி நேரம் இரவில். பெரும்பாலும் பக்கத்து சீட்டில் நான்தான். போன மாதம் பச்சை வண்ணம் பூசிய கர்ப் ஓரம் நிறுத்தப் போனவள், "பச்சைன்னா என்னம்மா?" என்றாள். ஆப்பில் நூறு முறை சரியாகத் தொட்ட விடை அது: குறிப்பிட்ட நேரம் மட்டும் நிறுத்தலாம். ஆறு மாதத்தில் தடமே இல்லாமல் போய்விட்டது. அதே வாரம் இரவில் எதிரே வண்டி வந்ததும் நான் வாய் திறக்குமுன் ஹை பீமைத் தணித்தாள்.

கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஆப்புக்கு நல்ல மதிப்பெண்தான் வரும். ஆனாலும் தோழிக்கு வேண்டாம் என்று எழுதிவிட்டேன், கால் விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். பிள்ளையின் கையில் ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியைக் கொடுக்கப் போகிறோம். அவனுக்குக் காரணம் சொல்லாத ஆசிரியர் எனக்குப் பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவனை எங்கள் தெருவுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். 80 எட்டை எண்ணிக் காட்டுவது தன் வேலை என்று மகள் இப்போதே சொல்லிவிட்டாள்.